ஆதி குணசேகரனை யார் திட்டலாம்?

2023 செப்டெம்பர் 8ஆம் திகதி நடிகர் மாரிமுத்து காலமானார். ‘எதிர்நீச்சல்’ தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனைக்குப் போயும் பலனில்லை. ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ என்று படம் இயக்கியவர், எத்தனையோ படங்களில் நடித்தவர். ஆனாலும் அன்றைக்குப் போனவர் மாரிமுத்து என்று அதிகம் பேர் பேசவில்லை. படித்த பெண்களாகப் பார்த்து மருமகள்மாராக எடுத்து, எடுத்த கையோடு அடுப்படிக்குள் தள்ளிய மதுரைக்கார அண்ணன் ஆதி குணசேகரன் போய்விட்டார் என்றுதான் பேச்சு. ஒன்றரை ஆண்டாக அவரை இரவிரவாகத் திட்டியவர்களே அழுதார்கள்.

நான் அப்போது சென்னையில் இருந்தேன். குணசேகரன் திரையில் வந்தால் கீழ்வீட்டு அக்கா கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று திட்டுவார். அவர் “இந்தாம்மா ஏய்” என்று தொடங்கினால், “வாடா, உனக்கு இருக்கு” என்று இவர் முடிப்பார். மரணச் செய்தி வந்த அன்று மாலை அக்காவுக்கு ஒரே கவலை. “இனிமே கதைய எப்படிக் கொண்டு போவாங்க? அப்பத்தா சொத்து விவகாரம் அப்படியே நிக்குதே!” யாரை அந்த இடத்தில் போடலாம் என்று நாலைந்து பெயரும் சொன்னார். வேல ராமமூர்த்தி வந்த பிறகும் சமாதானமாகவில்லை. “நல்லாத்தான் நடிக்கிறாரு. ஆனா நம்ம குணசேகரன் இல்ல” என்று கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு திட்டத் தொடங்கினார். ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் என் பெரியம்மாவும் அதே தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்தவர். தொலைபேசியில் அவர் கேட்டது வேறு. “பாவம், அருமையாய் நடிச்ச மனுசன். பிள்ளையள் வளந்திட்டினமோ?” கதை என்னவாகும் என்ற கேள்வி அவருக்கு வரவேயில்லை. புதியவர் வந்தபோது, “ஆள் மாறினா என்ன, நாடகம் அதுதானே” என்று தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார்.

சென்னை அக்கா அந்த வீட்டில் ஒருத்தியாக இருந்தார். பெரியம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அயல்வீட்டுக்காரியாக இருந்தார். இதை இரண்டு பெண்களின் குணவேறுபாடு என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. இரண்டு நாட்டிலும் நாடகம் பார்க்கும் வழக்கம் வளர்ந்த விதம் வேறு. திரையில் நடப்பது யாருடைய வீட்டுக் கதை என்பதும் வேறு.

இந்தியாவில், பார்ப்பவருக்குத் தொடரோடு வாயாடும் உரிமையைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டார்கள். 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ தொடங்கியது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நடிகர் அசோக் குமார் திரையில் தோன்றி, பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் நேராகப் பேசுவார். அந்தப் பாத்திரம் செய்தது சரியா பிழையா என்று யோசிக்கச் சொல்வார். கேட்டால் சும்மா இருப்பார்களா? கடிதங்கள் லட்சக்கணக்கில் போயின. இந்தியில் ஓடியதால் சென்னையில் அது பெரிதாக எடுபடவில்லை என்றாலும், எழுதினால் யாரோ படிக்கிறார்கள் என்ற நினைப்பு நாட்டில் ஊன்றிவிட்டது. 1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ வந்தது. மறு ஆண்டு பட்டாபிஷேகத்தோடு கதையை முடிக்கப் பார்த்தபோது ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் சம்பளம் கேட்கவில்லை. உத்தர காண்டத்தையும் காட்டு என்றார்கள். அவர்களில் பலர் வால்மீகியைத் தங்கள் குலமுதல்வராகக் கொண்டாடும் சமூகத்தவர். வால்மீகியின் ஆசிரமமும் லவகுசர்களும் வருவது அந்தக் காண்டத்தில்தான். வேலைநிறுத்தம் வேறு ஊர்களுக்கும் பரவியது. உத்தர ராமாயணமும் தொடராக வந்தது.

தமிழ்நாட்டில் இந்த உரிமை முழுசாக வந்து சேர்ந்தது நாள்தோறும் ஓடும் நெடுந்தொடரோடு. சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரலில் பிறந்தது. 1999 டிசம்பரில் ராதிகாவின் ‘சித்தி’ தொடங்கியபோது இரவுச் சாப்பாட்டு நேரமே மாறிப்போனது. நெடுந்தொடரின் சூட்சுமம் என்னவென்றால், அதை முழுதாக எடுத்து முடித்துவிட்டு ஒளிபரப்புவதில்லை. படப்பிடிப்பு ஒளிபரப்புக்குச் சில நாட்கள் முன்னால்தான் ஓடிக்கொண்டிருக்கும். வாராவாரம் டிஆர்பி எண் வரும். எண் ஏறினால் அந்தப் பாத்திரத்துக்குக் காட்சி கூடும். இறங்கினால் அத்தான் வெளிநாடு போவார், தங்கச்சிக்குத் திடீரென்று கல்யாணம் நடக்கும். ஆகவே அக்கா கூடத்தில் நின்று போடும் சத்தம் உண்மையிலேயே எங்கோ போய்ச் சேருகிறது. ஆனால் அவர் நினைக்கிற பலன் கிடைப்பதில்லை. ‘தெய்வமகள்’ அண்ணியார் காயத்ரியை ஊரே சபித்தது. சபிப்பதற்காகவே எல்லாரும் உட்கார்ந்து பார்த்ததால் அண்ணியார் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். திட்டத் திட்ட வில்லிக்கு ஆயுள் கூடும். இதை அக்காவிடம் ஒருநாள் விளக்கினேன். “அப்ப நான் பாக்காம இருந்தா அவ செத்துருவாளா?” என்று கேட்டுவிட்டு, விளம்பரம் முடிந்ததும் மறுபடி தொடங்கினார்.

இலங்கையில் கதை வேறு மாதிரிப் போனது. ஐ.ரி.என். தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது, ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். முதல் சிங்களத் தொலைநாடகம் என்று பேசப்படும் டி.பி. நிஹால்சிங்கவின் ‘திமுது முது’ அந்தத் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. திரைப்படத்திலும் மேடையிலும் கைதேர்ந்தவர்கள் தொலைநாடகத்துக்கு வந்தார்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸே ‘கிரய’வை இயக்கினார். பெரும்பாலும் நாவலை அடியொற்றிய கதை, வாரத்துக்கு ஒரு முறை, குறித்த பகுதிகளோடு முடிந்துவிடும். திருத்தச் சொல்லிக் கேட்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் முதல் பகுதியே வரும்.

1990களின் தொடக்கத்தில் நுகேகொடையில் ஒரு சிங்கள வீட்டில் அறை எடுத்து இருந்தேன். சோமவீர சேனாநாயக்க எழுதி நாலன் மெண்டிஸ் இயக்கிய ‘தூ தருவோ’ அப்போது ஓடியது. சுது சீயா என்ற வெள்ளைத் தலைப் பாட்டனாராக ஹென்றி ஜயசேன நடித்தார். பிரெக்டின் நாடகத்தை ‘ஹுணுவடயே கதாவ’ என்று சிங்கள மேடைக்குக் கொண்டுவந்த பெரிய நாடகக்காரர் அவர். ஆனால் அதற்குப் பிறகு நாடு முழுவதற்கும் அவர் சுது சீயாதான். வீட்டுக்கார அம்மா அந்த அரைமணி நேரம் வாய் திறக்க மாட்டார். பேச்செல்லாம் மறுநாள் முற்றத்தில், பக்கத்து வீட்டு அம்மாவோடு. அந்த மகன் தகப்பனிடம் அப்படிச் சொல்லியிருக்கலாமா, சீயா ஏன் பேசாமல் இருந்தார் என்று ஒரே காட்சியை வாரம் முழுக்கப் பிய்த்துப் பிய்த்துப் பேசுவார்கள். எனக்கு அரைகுறைச் சிங்களம். அந்த முற்றத்துப் பேச்சில்தான் பாதியைக் கற்றேன். திட்டு என்று ஒன்றை அங்கே கேட்டதேயில்லை. ஏழு நாள் இடைவெளி விட்டால் ஆத்திரம் ஆறிவிடுகிறது, நியாயம் பேசத் தோன்றுகிறது. நாள்தோறும் ஊற்றினால் ஆற நேரமில்லை. தமிழரின் உணர்ச்சிவசம், சிங்களவரின் நிதானம் என்று இதற்கு இனக்குணம் கற்பிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சிங்களத்திலும் நாளாந்தத் தொடர் வந்தது, நிதானம் போனது.

அப்படி ஓடிய ‘பபா’வில் அந்தப் பெயருள்ள பெண்ணாக நடித்தவர் உபேக்ஷா சுவர்ணமாலி. 2010 பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி அவரைக் கம்பஹா மாவட்டத்தில் நிறுத்தியது. வென்றார். நாடாளுமன்றம் போன பிறகும் அவர் ஜனங்களுக்குப் பபாதான். இந்தியா இதில் நமக்கு மூத்தது. 1991இல் சீதையாக நடித்த தீபிகா சிக்லியா வடோதராவிலும், இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி சபர்காந்தாவிலும் மக்களவைக்குத் தெரிவானார்கள். இரண்டும் குஜராத், இரண்டு பேருக்கும் ஒரே கட்சி. ஒரே தேர்தலில் சீதைக்கும் இராவணனுக்கும் வாக்குப் போடுவதற்குத் தனி மனம் வேண்டும். இராமராக நடித்த அருண் கோவில் 2024 வரை காத்திருந்து மீரட்டில் வென்றார்.

இராவணன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1980களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் உயரமான அன்ரனா வைத்திருந்தவர்கள் தூர்தர்ஷன் பார்த்தார்கள். ராமாயணமும் அப்படி வந்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரேயொரு வீட்டில்தான் தெளிவாகத் தெரியும். இராமர் வரும்போது கும்பிட்ட அதே ஆச்சிமார், அரவிந்த் திரிவேதி சிரித்துக்கொண்டு வந்தால், “எங்கட ராசா வாறார்” என்று வெற்றிலை வாயோடு நிமிர்ந்து உட்காருவார்கள். திருகோணமலையில் இராவணன் வெட்டைப் பார்த்து வந்தவர்கள் அவர்கள். பக்தி ஒரு பக்கம், ஊர்ப்பற்று ஒரு பக்கம். வட இந்தியாவில் அந்தக் காட்சிக்குத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு 1990இல் போரோடு மின்சாரமே போய்விட்டது. பெட்டியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் பார்த்ததுதான் அந்தக் காலத்துத் தொலைக்காட்சி. தொடர் என்பதற்கே இடமில்லை, நாளைக்கு மண்ணெண்ணெய் கிடைக்குமோ தெரியாது. சக்தி தொலைக்காட்சி 1998இல் வந்தது. அதன் வழியாகத்தான் சன் தொடர்கள் எங்கள் வீடுகளுக்குள் நிலையாகக் குடிவந்தன. தமிழ்நாட்டில் ஓடிச் சில காலம் கழிந்த பிறகுதான் நமக்கு வரும். சென்னைக்குக் கதைத்தவர்கள் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். முடிவு வேறெங்கோ ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிற கதையை எப்படி அதட்டுவது?

ஆனால் நேரம் பிந்துவதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை எனக்குக் காட்டியது ‘மெட்டி ஒலி’. திருமுருகன் இயக்கி 2002 முதல் 2005 வரை ஓடிய தொடர். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார் நடித்தார். அந்த மகள்களில் சரோ, மாணிக்கத்தைக் கட்டிக்கொண்டு போய் மாமியார் ராஜத்திடம் படாத பாடு படுவாள். சென்னையில் எல்லாரும் சரோவுக்காக அழுதார்கள், ராஜத்தை வைதார்கள், சிதம்பரத்தைத் தெய்வமாக்கினார்கள். எங்கள் வீட்டில் பெரியம்மாவின் கோபம் முழுவதும் சிதம்பரத்தின் மேல் திரும்பியது. “அஞ்சு பொம்பிளைப் பிள்ளையைப் பெத்த மனுசன் ஒரு துண்டுக் காணியெண்டாலும் எழுதிப்போட்டெல்லோ கலியாணம் பேசியிருக்கோணும்? வீடு குடுத்திருந்தா அந்தப் பெட்டை ஏன் உங்கை போய்க் கிடந்து அழுறாள்?”

யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்கு வீடு சீதனம். ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய தேசவழமையிலேயே மகளுக்குப் போகும் சீதனச் சொத்து தனியாக நிற்கிறது. பல குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மாமியார் வேறு வளவில் இருப்பார். கோபமென்றால் இரண்டு வேலி தாண்டி வர வேண்டும். மாமியாரின் அடுப்படியில் மருமகள் அழுவது எங்களுக்குத் தெரியாத காட்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கதையின் நடுத்தூண் அல்ல. நடுத்தூண் தகப்பனும் தமையனும். தங்கைக்குச் சீதன வீடு கட்டவென்றே கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய், தலை நரைத்துத் திரும்பிய அண்ணன்மார் எத்தனை பேர்! பெரியம்மாவின் வீடே அப்படி ஒரு தமையனின் உழைப்பில் எழுந்தது. அதனால் சிதம்பரத்தின் கண்ணீர் அவரிடம் செல்லவில்லை. மட்டக்களப்புத் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். தாய்வழிக் குடி பார்க்கிற ஊர் அது, மகள் தாயை விட்டு நகர்வது அபூர்வம். அவள் சிரித்தாள்: “எங்கட பக்கம் எண்டால் இந்த நாடகத்தில மருமகன்தான் அழணும்.”

அதாவது அழுகையும் கோபமும் எங்களிடம் குறைவாக இல்லை. அவை விழும் இடம்தான் வேறு. தமிழ்நாட்டுத் தொடர் தன் பார்வையாளருக்கு யாரை வெறுக்க வேண்டும் என்று இசையும் நெருங்கிய முகமும் வைத்துக் காட்டிக் கொடுக்கும். அந்தக் குறிப்பு யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரும்போது பாதியில் விழுந்துவிடுகிறது. பார்ப்பவர் தானே தேடி வேறொருவரைக் குற்றவாளியாக்குகிறார்.

‘கோலங்கள்’ அபியிடமும் இது நடந்தது. தேவயானி நடித்த அந்தப் பெண் கணவன் பாஸ்கரை விட்டுக் கட்டுமானத் தொழிலில் எழுந்து நிற்பாள். ஆதி அவளை ஆண்டுக்கணக்கில் துரத்துவான். தொடர் 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. அந்த ஆறு ஆண்டில் எங்கள் நாட்டில் போர் என்ன செய்தது என்று சொல்லத் தேவையில்லை. சென்னையில் அப்போது விவாதம் அபி மறுபடி கல்யாணம் கட்டிக்கொள்வாளா என்பதில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஆணில்லாத வீடு நடத்தும் பெண்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருந்தார்கள். அவர்களுக்கு அபியின் கல்யாணத்தில் அக்கறையில்லை, அவள் வங்கிக்கும் கச்சேரிக்கும் தனியாகப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால், அபியின் பொறுமை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. இரண்டு குடும்பம் வைத்த தகப்பன் ஈஸ்வரனுக்குப் பிறந்த ஆதியின் ஆத்திரத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. அதைத் தொடர் பேச விரும்பவில்லை.

2006இல் இலங்கை அரசு வெளிநாட்டுத் தொடர்களுக்கு வரி போட்டது. உள்ளூர்க் கலைஞருக்குப் பாதுகாப்பு என்றார்கள். சிங்களத் தொலைநாடகத்துக்கு அது நியாயமாக இருக்கலாம். தமிழில் பாதுகாக்க என்ன இருந்தது? அவ்வப்போது ஒளிபரப்பான சில நாடகங்களைத் தவிர நாள்தோறும் பார்க்க நமக்கென்று ஒன்றுமில்லை. வானொலிக் காலத்தில் அப்படியில்லை. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ கேட்ட தலைமுறைக்கு அதன் பாத்திரங்கள் சொந்தக்காரர்கள். ‘கோமாளிகளின் கும்மாளம்’ அத்தனை பிடித்துப்போய் 1976இல் ‘கோமாளிகள்’ என்று திரைப்படமே ஆனது. அதில் பேசியவர்கள் நம் ஊர்ப் பேச்சைப் பேசினார்கள். பிழையாகப் பேசினால் கேட்பவருக்குக் கோபம் வரும். வானொலியில் வீட்டுக்காரராக இருந்தவர்கள் தொலைக்காட்சியில் விருந்தாளிகளானார்கள்.

ஒருகாலத்தில் நிலைமை தலைகீழாகவும் இருந்தது. கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் வருமுன் தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்தில் கிடைத்தது ரூபவாஹினிதான். மொட்டைமாடியில் கம்பம் நட்டு, இலங்கைப் பக்கம் அன்ரனாவைத் திருப்பி, புரியாத சிங்களத்தில் நாடகம் பார்த்தார்கள். தூத்துக்குடியில் வளர்ந்த நண்பர் ஒருவர் சிங்களத்தில் ஓடிய ஜப்பானியத் தொடர் ‘ஒஷின்’ பற்றி இப்போதும் சொல்வார். அரிசிக்காகக் கூலி வேலைக்கு அனுப்பப்படும் அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்து வீடே அழுததாம். ஜப்பானில் நடக்கும் கதை, சிங்களக் குரல், தமிழ்க் கண்ணீர். யாரையாவது திட்டினீர்களா என்று கேட்டேன். “யாரைத் திட்டுறது? யாரு என்ன சொல்றாங்கன்னே தெரியாதே” என்றார்.

இப்போது எல்லாம் கைபேசியில். 2017இல் ஐ.ரி.என்.இல் வந்த லக்மால் தர்மரத்னவின் ‘கூம்பியோ’வைக் கொழும்புப் பையன்கள் யூடியூப்பில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், ஏமாற்றுக்காரன் ஜெஹானை வெறுக்க ஒருவருமில்லை. சென்னை அக்காவின் மகள் கொரியத் தொடர் பார்க்கிறாள், அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறாள், கொரிய மாமியாரை அதே குரலில் திட்டுகிறாள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிலர் தாங்களே சிறு தொடர்கள் எடுத்து ஏற்றுகிறார்கள். ஒளிப்பதிவு சுமார், நடிப்பு சில இடங்களில் பள்ளிக்கூட மேடை. பெரியம்மா ஒன்றைத் தொடர்ந்து பார்க்கிறார். போன முறை நான் போயிருந்தபோது கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு ஒரே சத்தம்: “செத்தவீட்டிலை ஆரடா வந்தவைக்குப் பால்தேத்தண்ணி குடுக்கிறது? உந்தப் பெடியனுக்கு ஊர்வழக்கம் ஒண்டும் தெரியாது. மருமேளாய் நடிக்கிறவளும் ‘என்னங்க’ எண்டு கூப்பிடுறாள், நாங்கள் எந்தக் காலத்திலை அப்பிடிக் கூப்பிட்டனாங்கள்?” பேரனைக் கூப்பிட்டுக் கீழே எழுதச் சொன்னார். அவன் மரியாதையாக ஒரு வரி எழுதினான். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் காணாது, நான் சொன்னபடி எழுது” என்றார்.